புது உப்பு

குட்டி கத்திக்கொண்டே இருந்தது. தாயாடு திரும்பவே இல்லை.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, சுளகு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த டெல்பின் பின்வாசல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் கட்டிப்போட்ட ஆடு சுவரை வெறித்தபடி வெறும் வாயை அரைத்துக்கொண்டு நின்றது. மடி கனத்துப் பால் சொட்டியதில் காலடி மணல் நனைந்திருந்தது. கருவாட்டு வாசனை, வெயிலில் காயும் வலையின் பாசி வாசனை, அதற்கு நடுவே எங்கிருந்தோ புளித்த பால் வாடை. அழுகை கம்மி, மறுபடி எழும்பி, வீடு முழுக்கச் சுற்றி வந்தது.

"ஏளா, பெத்த பிள்ளை இப்படிக் கத்துது. உனக்குக் காது அடைச்சா போச்சு?"

ஆடு அசையவில்லை. நேற்றுவரை இப்படியில்லை. ஈன்ற நாலு நாளாக ரெண்டு குட்டிகளையும் நக்கி நக்கி, யாரையும் கிட்டே அண்டவிடாத ஆடு அது. நேற்று சாயங்காலம் கொழுந்தன் கிளைட்டன் ஒரு கட்டி உப்பு நக்க வைத்தான். ராத்திரியெல்லாம் முளையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. விடியும்போது ஒரு குட்டியை மிதித்துக்கொண்டு நின்றது. செத்துப்போன குட்டி காலடியில் கிடப்பதே அதற்குத் தெரியவில்லை.

அந்த உப்பும் கிளைட்டன் கொண்டுவந்ததுதான். கடலில் மிதந்த பொட்டலம். உள்ளே கண்ணாடிச் சில்லாகப் பளபளத்தது. நாக்கில் வைத்தால் கசந்தது. "புது உப்பு கசக்கத்தான் செய்யும், மைனி. துணியில கட்டித் தொங்கவிடுங்க, தண்ணி சொட்டிக் கசப்பு இறங்கிரும்" என்றான். தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு அது தெரியாதா என்ன? தொங்கவிட்டாள். இன்று விடியற்காலையில் பழைய சோற்று நீச்சத்தண்ணிக்கு வேறு உப்பில்லை. நாலு கல் போட்டுக் கலக்கிக் குடித்தாள்.

அப்புறம் அலுப்பே இல்லை. மூன்று மாதக் கைக்குழந்தைக்காரிக்கு இவ்வளவு தெம்பா என்று அவளுக்கே ஆச்சரியம். பாத்திரமெல்லாம் தேய்த்தாள், வீட்டை ரெண்டு தடவை கழுவினாள். அனுஜா முன்னறைத் தொட்டிலில் தூங்குகிறாள் என்ற நினைப்பில், கோயிலில் பகல் பன்னிரண்டு மணி அடித்தபோது சுளகை எடுத்தாள்.

இப்போது மறுபடி மணி. ஆறு மணிச் செபத்துக்கான மணி.

டெல்பின் திடுக்கிட்டாள். சுளகில் அதே ஒரு படி அரிசி. ஒரு கல்கூட இல்லை. ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தாள். தொட்டால் பிசுபிசுத்தது.

போன் அடித்தது. கிளைட்டன்.

"மைனி, அந்த உப்பைத் தொடாதீங்க! போதை மருந்தாம். இங்கன போலீஸ்காரன் மைக்குல சொல்லிட்டு வாரான். நான் பெரியதாழைல இருந்து கிளம்பிட்டேன்."

"அதுதான் ஆடு இப்படி நிக்குதாலே? மதியத்திலருந்து குட்டி கத்துது, திரும்பிக்கூடப் பாக்கல."



"மிச்சம் இருந்த குட்டிய விடிஞ்சதுமே பேச்சியக்கா வீட்டுல விட்டுட்டேனே, மைனி. நீங்கதானே தூக்கிக் குடுத்தீங்க." அப்புறம் அவன் கத்தினான். "பாப்பா எங்க?"

அனுஜா. ஏழு வருஷம் மாதாவிடம் அழுது வாங்கிய பிள்ளை. கப்பலில் இருக்கும் புருஷன் ரெக்ஸ் இன்னும் கையில் வாங்காத பிள்ளை. காலையில் தொட்டிலில் போட்டாள். பிறகு?

பிறகு எடுக்கவே இல்லை.

எழுந்திரு, ஓடு என்று தனக்குள் கத்தினாள். பயம் வந்தது. ஐயோ மாதாவே, பயம் மட்டும்தான் வந்தது. பிள்ளை அழுதால் நெஞ்சில் ஒன்று பொங்குமே, அதைத் தேடினாள். காணோம். கழுவிக் கவிழ்த்த பானையாக அந்த இடம் காலியாக இருந்தது.

பல் அரைபடும் சத்தம். ஆட்டைப் பார்த்தாள். அதன் வாய் ஓய்ந்திருந்தது. அரைத்தது அவள் வாய்.

முன்னறையில் அழுகை விக்கியது. இழுத்தது. நின்றது.

ஆடு காதை விறைத்துக்கொண்டு திரும்பியது. கயிறு கழுத்தை இறுக்க இறுக்க, வீட்டுக்குள் வரத் திமிறி, அடிவயிற்றிலிருந்து கத்தியது.

"மைனி! மைனி!" போன் தரையில் கிடந்து அலறியது.

டெல்பினின் விரல்கள் அரிசிக்குள் இறங்கின. ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கல் இல்லை.

அடுத்ததை எடுத்தாள்.