எழுப்புநர் உறங்கிய ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை மத்தியானப் பந்தி முடிந்ததும் பாளையங்கோட்டை அன்னம் மஹாலில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்காது. தரையைத் தொடுமுன் அதைப் பிடிக்க அங்கே ஒரு தன்னார்வலர் இருப்பார். அண்டா, குண்டான், கரண்டி எல்லாவற்றுக்கும் பழைய வேட்டி சுற்றியிருக்கும். தன்னார்வலர்கள் காலுறை போட்டு நடப்பார்கள், அதிலும் குதிகால் படாமல். மொட்டை மாடியில் ஒருவர் காக்கைகளிடம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். எதிர்வீட்டு அம்மாள் நாலு மணிக்கு முன் மிக்சி போடாமலிருக்க, அவளுக்கு ஒரு தூக்குவாளி பாயசம் போய்விடும். தெருமுனையில் திரும்பும் ஆட்டோக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே மண்டபத்தைக் கடப்பார்கள். இதில் பொய் இருந்தால் பாதிதான் இருக்கும்.

உள்ளே, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல வரிசையாகப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் செயலி உருவாக்குநர்கள். நடந்துகொண்டிருந்தது தென் மாவட்டங்களின் வார இறுதிச் செயலிப் போட்டி, அதாவது ஹேக்கத்தான். போன வருஷம் மதுரை அணி ஒரே சுருதியில் விட்ட குறட்டையில் மண்டபத்தின் தகரக் கூரை ஒரு சாண் எழும்பி மறுபடி பொருத்தமாக உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அங்கே தன்னார்வலராக இருந்த ஆவுடைநாயகம் இளைஞராக இருந்த காலத்தில் ஹேக்கத்தான் என்றால் யாரும் தூங்கக் கூடாது. சனி, ஞாயிறு முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பீட்சாவைக் கடித்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் செயலி எழுதுவார்கள். அதெல்லாம் இப்போது கையால் நெல் குத்தியது மாதிரி ஆகிவிட்டது. என்ன சொன்னாலும் எழுதித்தர இயந்திரங்கள் வந்துவிட்டன. என்ன வேண்டும் என்று சொல்லத்தான் மனிதனுக்குத் தெரியவில்லை. விழித்திருக்கும்போது கேட்டால், பக்கத்து வீட்டுக்காரனிடம் எது இருக்கிறதோ அதையே கேட்டான். உறங்கும்போது மட்டும்தான் அவனுக்கு வேண்டியது அவனுக்குத் தெரிந்தது. அதனால்தான் கனவுத்தொகுப்பி பிறந்தது. உறக்கப்பாயில் தலை வைத்துப் படுத்தால் போதும். பாய் கனவை வாங்கித் தொகுப்பிக்குக் கொடுக்கும். தொகுப்பி அதைச் செயலியாக்கித் திரும்பத் தரும்.

பெரிய நிறுவனங்கள் முதலில் சம்பளத்துக்கு ஆள் வைத்துத்தான் தூங்கவிட்டுப் பார்த்தன. சம்பளத்துக்குத் தூங்கியவன் கனவில் சம்பளமே வந்தது. அன்றிலிருந்து நல்ல செயலிகள் எல்லாம் இந்த மாதிரிக் கல்யாண மண்டபங்களில், காசு வாங்காத ஆட்கள் நடத்தும் வார இறுதித் தூக்கங்களில்தான் பிறந்தன. அதுவும் மத்தியானத் தூக்கத்தில். ராத்திரித் தூக்கத்தில் கனவு அடிமட்டத்தில் கிடக்கும். மத்தியானத்தில் அல்லி மாதிரி மேலாக மிதக்கும், தண்டோடு கிள்ளி எடுத்துவிடலாம்.

ஆவுடையின் வேலை எழுப்புவது. எழுப்புநர் என்று முதுகில் அச்சடித்த நீல பனியன் அவருக்கு உண்டு. உறங்குகிறவனை உலுக்கி எழுப்பினால் கனவு பாதியில் முறிந்து, செயலி வாலில்லாமல் பிறக்கும். தலைமாட்டில் நின்று குனிந்து எழுப்பினால் கனவு பயந்துபோய்ச் செயலிக்குள் யாராவது துரத்திக்கொண்டே வருவார்கள். இதையெல்லாம் ஆராய்ந்து ஆவுடை தனக்கென்று ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். உறங்குகிறவர் பக்கத்திலேயே, பாய்க்கு வெளியே, தன் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுப்பார். முகத்துக்கு நேராக முகம் வைத்து, காதுமடலை மெல்ல வருடி, "வாங்க, வாங்க, அப்படியே எடுத்துட்டு வாங்க" என்பார். கண் திறக்கிறவர்கள் கனவை ஒரு துளி சிந்தாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோயம்புத்தூரிலிருந்துகூட இந்தப் படுக்கை முறையைப் படிக்க ஆள் வந்தது.

அந்த ஹேக்கத்தானில் தூத்துக்குடியிலிருந்து முத்தரசி என்ற பெண் இரண்டு தோழர்களோடு வந்திருந்தாள். மூன்று பேரும் நூல் மாதிரி இருந்தார்கள். அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வயசானவர்கள் குடத்தோடு வெயிலில் நின்று மயங்கி விழுந்தார்கள். லாரி எங்கே வருகிறது என்று சொல்லும் செயலி ஒன்றைக் கனவு காண வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. ஜெயிக்கிற செயலி ஞாயிறு சாயங்காலமே தென் மாவட்டங்களின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்விடும்.

"மேடம், குடுத்த கனவு திரும்ப வராதாமே?" என்று முத்தரசி சனிக்கிழமை காலையில் பியூலாவிடம் கேட்டாள்.

பியூலாதான் ஹேக்கத்தானின் தலைவி. வயது அறுபதை நெருங்கியும் அவள் நடையில் வேகம் குறையவில்லை. அவள் செருப்புச் சத்தம் கேட்டால் தாமிரபரணியில் மீன்கள் ஒதுங்கி வழிவிடும்.

"வராதும்மா. செயலிக்குள்ள போன கனவு போனதுதான். அதனால பரீட்சை எழுதாம முழிக்கிற கனவு, பல்லு விழுற கனவு இருந்தா முதல்ல அதைக் கொண்டாங்க. ரொம்பப் பிரியமான கனவு வந்து விழுந்துட்டா, வெளியிடுறதுக்கு முன்னால எழுந்து 'என் கனவு'ன்னு சொல்லிரணும். திருப்பித் தந்துருவோம். ஆனா செயலி பொத்துன்னு போயிரும்."

ஆவுடை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் அப்படி ஒரு கனவு இருந்தது. ஹேக்கத்தான் இல்லாத எல்லா மத்தியானமும் வீட்டில் படுத்த உடனே வரும். ஒரு பஸ் நிறுத்தம். தூறல். தெருக்கோடியிலிருந்து நீலக் குடை ஒன்று வரும். குடைக்குள்ளிருந்து பியூலாவின் குரல், "ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்கும். "இப்பதான்" என்பார் அவர். பிறகு இருவரும் பஸ்ஸுக்காக நிற்பார்கள். அவ்வளவுதான் கனவு. பஸ் வந்ததே இல்லை, வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. இத்தனை வருஷத்தில் விழித்திருக்கும் பியூலாவிடம் அவர் பேசியதெல்லாம், "மேடம், கிழக்கு வரிசையில ஃபேன் ஓடல" என்ற அளவில்தான்.

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கெட்டது. கெடுத்தவர் செய்யது பாய். மேலப்பாளையத்துச் சமையல் தலைவரான அவருடைய நெய்ச்சோறும் தாளிச்சாவும் தின்றால் மண்டபத்துத் தூண்களே கொஞ்சம் சாய்ந்து கண்ணயரும்.

"என்னவே, கோழி மாதிரி கொத்துதீரு? இன்னும் ரெண்டு கரண்டி வைக்கேன்."

"வேண்டாம்வே பாய். நான் எழுப்புதவன். நானே சாஞ்சுட்டா?"

"சாஞ்சா சாயும். யானைக்கு ஒரு கரண்டியில என்ன ஆவும்?"

நாலாவது கரண்டிக்கு மேல் ஆவுடை எண்ணவில்லை. போதாக்குறைக்கு, தாளிச்சா அண்டாவின் மூடி கடகடவென்று ஆடுகிறது என்று செய்யது அவருடைய துண்டை உருவி அதில் சுற்றிவிட்டார்.

உறக்கம் பழுத்த நேரத்தில் ஆவுடை முத்தரசியை எழுப்பப் போனார். பக்கத்தில் படுத்தார். தலைக்குத் துண்டு இல்லை. தரை சுட்டது. ஒரு நிமிஷம்தானே என்று அவளுடைய உறக்கப்பாயின் ஓரத்தில் தலையைச் சாய்த்தார். மின்விசிறி வானத்தில் சுற்றுகிற மாதிரி இருந்தது. முத்தரசியின் காதுமடலை நோக்கிப் போன கை பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது.

தூறல் ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் முத்தரசி தானாகவே எழுந்து அவரைத்தான் எழுப்பினாள். "அண்ணாச்சி, எந்திங்க. யாரும் பாக்கல." அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தலை பாயில் பட்டதை அவள் கவனிக்கவில்லை, கவனித்த அவர் மனசு அதை நம்ப மறுத்துவிட்டது.

சாயங்காலம் திரையில் ஒவ்வொரு செயலியாக ஓடியது. முத்தரசியின் முறை வந்தது. அவள் கைப்பேசியிடம் தண்ணீர் லாரி எங்கே என்று கேட்டாள். வரைபடத்தில் லாரி ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்தது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்றது செயலி. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு திரையில் மழை தூறியது. முன்வரிசைக்காரர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். மண்வாசனை வந்ததாகச் சத்தியம் செய்பவர்கள் உண்டு. தெருக்கோடியிலிருந்து ஒரு நீலக் குடை வந்தது. முகம் தெரியவில்லை. குடை பக்கத்தில் வந்து நின்று, "ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டது. அப்புறம் ஒன்றும் சொல்லாமல், லாரி வரும்வரை கூடவே நின்றது.

யாருக்கும் ஐந்துக்கு மேல் மதிப்பெண் போட்டறியாத நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முந்நூறு தலைகளும் மெல்ல மேடையிலிருந்த பியூலா பக்கம் திரும்பின. அந்தக் குரலைத் தெரியாதவர்கள் அங்கே யார்?

"மேடம்," என்றாள் முத்தரசி. "லாரி எங்க கனவு. மழையும் குடையும் எங்களோடது இல்ல. சத்தியமா."

பியூலா ஒலிவாங்கியை எடுத்தாள். "இது யாரோட கனவு? இருந்தா சொல்லிருங்க. திருப்பித் தந்துரலாம்."

ஆவுடை கடைசி வரிசையில், காப்பி டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தார். எழுந்தால் கனவு திரும்பி வரும். ஆனால் முந்நூறு பேர் முன்னால், முக்கியமாக அந்த ஒருத்தி முன்னால், அது வெட்டவெளிச்சமாகும். தூத்துக்குடியின் குடங்கள் மறுபடி வெயிலில் நிற்கும். எழாவிட்டால் குடை இனி அவரிடம் வராது.

"யாரோட கனவு?" பியூலா மறுபடி கேட்டாள். ஆவுடையின் கை முழங்கால்வரை எழும்பியது. அங்கிருந்து போக வழி தெரியாமல் காதைச் சொறிந்தது.

மூன்றாம் முறை கேட்டபோது அவள் கடைசி வரிசையையே பார்த்தாள். அவர் குனிந்து காலுறையைச் சரிசெய்தார். அதில் பெருந்தன்மை பாதி, கோழைத்தனம் பாதி. எந்தப் பாதி பெரிது என்று அவருக்கே தெரியாது.

பியூலா வெளியீட்டுப் பொத்தானை அழுத்தினாள். சபை எழுந்து ஆரவாரித்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆவுடை வீட்டில் படுத்தார். உறக்கம் வந்தது, ஆனால் வெள்ளையடித்த சுவர் மாதிரி வெறுமையாக வந்தது. புரண்டு படுத்தார். அடுத்த பக்கத்திலும் அதே சுவர்தான்.

செய்யது பாய் தொலைபேசியில் அழைத்தார். "ஓய், ஊரே கெட்டுப்போச்சுவே! லாரி வந்து நிக்கி, எங்க தெருவுல ஒருத்தரும் குடத்தை எடுக்க மாட்டேங்காங்க. தண்ணி பிடிச்சுட்டா அந்தக் குடைக்காரி போயிருவாளாம். ஏரல்ல ஒருத்தன் லாரிக்காரனுக்கே கைகாட்டி, 'சுத்திட்டு மெதுவா வாரும்'னு அனுப்பிட்டானாம்!"

ஆவுடை சிரித்துப் பார்த்தார். தென் மாவட்டங்கள் முழுக்க அவள் நின்றுகொண்டிருந்தாள், அவரிடம் மட்டும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டுவதற்குள் பியூலா உள்ளே வந்துவிட்டாள்.

"ஏன் சார், உங்க கனவுல நான் எதுக்குக் குடை பிடிக்கேன்?"

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்டக் குடையே கிடையாது. மழை வந்தா ஆட்டோ பிடிச்சுப் போறவ நான். அந்தக் குழைவான குரல் எங்கயிருந்து வந்துச்சு? காய்கறிக்காரன் காலையில பயந்துட்டான். 'அக்கா, போன்ல நல்லாப் பேசுதீங்க, நேர்ல ஏன் இப்படி'ங்கான்."

"எப்படித் தெரிஞ்சுது மேடம்?"

"உறக்கப்பாய்ல தலை பட்டாலே ஆளோட எடை பதிவாயிரும் சார். அந்தப் பிள்ளைங்க மூணு பேரையும் சேத்துத் தராசுல வச்சாலும் அவ்வளவு வராது. நான் மேடை ஏறும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா மூணு தடவை கேட்டீங்க?"

"நீங்க எந்திப்பீங்களான்னு பாத்தேன். நீங்க காலுறையைச் சரிசெய்தீங்க."

ஆவுடைக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "நீங்களே சொல்லித் தடுத்திருக்கலாம்லா? அது எனக்கு... எத்தனை வருஷத்துக் கனவு தெரியுமா?"

"தெரியாது. எனக்கு யாரு சொன்னா?" என்றாள் பியூலா. "அந்தக் குடைக்காரி இருக்கிறவரைக்கும் நீங்க எங்கிட்ட ஃபேனைப் பத்தித்தான் பேசுவீங்க. அவதான் கனவுல வாராளே, அப்புறம் நான் எதுக்கு? அதான் அவளை ஊருக்கே அனுப்பிட்டேன். நல்லா இருக்கட்டும். குடம் பிடிச்சு நிக்கிறவங்களுக்கு என்னைவிட அவதான் சரி."

அவர் அவளைப் பார்த்தார். கனவில் குடை மறைத்த முகம் இது. வலது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அதை இத்தனை வருஷமாக அவர் பார்த்ததே இல்லை. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, இப்ப சொல்லுங்க" என்றாள்.

கனவுக்காரி அடுத்து என்ன சொல்வாள் என்று அவருக்கு எப்போதும் தெரியும். இவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. சிரிப்பாளோ, கிளம்பிப் போவாளோ, இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பாளோ, ஒன்றும் தெரியவில்லை. முதன்முதலாகக் கிணற்றில் குதிக்கப் போகிறவன் போல ஆவுடைநாயகம் எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க பியூலா. சொல்லுதேன். கொஞ்சம் நேரமாவும்."