ஒற்றைத் துளை

ஒரு புள்ளிதான் தெரிந்திருக்க வேண்டும். திரையில் இரண்டு தெரிந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம், பஸ் நீளத்துக்குப் படுத்திருந்த இரும்புத் தொட்டிக்குள் விண்வெளித் தொலைநோக்கி இருந்தது. அது பார்க்கவேண்டிய புற ஊதா ஒளியைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால் காலையிலிருந்து மூன்று பம்புகள் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன, அந்த உறுமல் திரை முன் உட்கார்ந்திருந்தவளின் நாற்காலிக் கால் வழியே ஏறி, சூடான எண்ணெய் நெடியோடு சேர்ந்து பல்லைக் கூச வைத்தது. தொட்டியின் மறுகோடியில் ஒரு விளக்கு, அதன் முன்னால் ஊசிமுனைத் துளைகள். நெருக்கமான இரு துளைகளைத் தொலைநோக்கி தனித்தனியாகக் காட்டிவிட்டால் தேர்ச்சி. இப்போதோ திறந்திருந்தது ஒரே ஒரு துளை.

"கண்ணாடி கோணியிருக்கும். அதை உள்ள பொருத்தினது உன் வீட்டுக்காரர்தானே, போன் போட்டுக் கேளு," என்றார் பின்னால் நின்ற தலைமைப் பொறியாளர்.

போட்டாள். வெளியே, உடை மாற்றும் அலமாரியில் தொங்கிய கணவனின் சட்டைப் பையில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. தொட்டிக்குள் போகப் போட்ட உடையை மாற்ற அவன் இன்னும் வரவேயில்லை.

தொட்டிக் கதவைச் சாத்தியது அவள்தான். "யாராச்சும் உள்ள இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சாத்தினாள். பதில் இல்லை. எப்படி வரும்? கண்ணாடி பக்கத்தில் வாயே திறக்கக் கூடாது, மூச்சின் ஈரம் பட்டாலே பாழ் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவளே அவள்தான். பாவி மனுஷன், அவள் சொல்லை ஒருநாளும் தட்டாதவன்.

"சார், அவர் உள்ள இருக்காரு! காத்தைத் திறந்து விடுங்க சார்!"

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். காற்றுக் குழாயின் சாவி அவர் பையில் இருந்தது.

"பம்ப் போட்டு அஞ்சு மணி நேரம் ஆச்சேம்மா. இனிமே என்ன அவசரம்? டெஸ்ட்டை முடிச்சிட்டே திறக்கலாம்."

அவள் பாய்ந்து விளக்கை அணைத்தாள். விளக்கில்லாமல் எப்படி டெஸ்ட் பண்ணுவான், பார்ப்போம்.

புள்ளிகள் அணையவில்லை.

பம்புகளின் உறுமல். எண்ணெய் நெடி. இரண்டு புள்ளிகள். ஒருசேர மறைந்தன. வந்தன. மறுபடி மறைந்தன.

சிமிட்டல்.

"அடேங்கப்பா, என்னமா பிரியுது பாரு!" பொறியாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தேர்ச்சின்னு எழுது."

"என்னங்க..." என்றாள் திரையிடம்.

புள்ளிகள் பெருத்தன. விலகின. நெருங்கி வந்தன. உறைந்த விழிகள். இமை மயிர்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக.