மயிரிழை விரிசல்

"வேலை போனா போகட்டும் சார். பொய்க்காரிங்கற பேரோட மட்டும் வெளிய போக மாட்டேன்" என்றாள் உலோகப் பரிசோதனைக்கூடத்துப் பெண்.

துப்பறிவாளர் வாய் திறப்பதற்குள் அவருடைய மைத்துனன் முந்திக்கொண்டான். சும்மாவா அவனுக்கு வீட்டில் முந்திரிக்கொட்டை என்று பேர்? "பூட்டை உடைச்சிருந்தாங்களா?"

"அவங்க முதல்ல உக்காரட்டும்டா."

விஷயம் இதுதான். விரிசல் விட்ட உலோகம் உடையாமல் எவ்வளவு தாங்கும் என்று அளப்பது அவள் வேலை. கடைசல்காரர் எஃகுத் துண்டில் கூர்மையாக ஒரு வெட்டு போட்டு, எண் குத்திக் கொடுத்துவிட்டுத் தன் பட்டறைக்குத் திரும்பிவிடுவார். எந்திர அறைப் பக்கமே வரமாட்டார். அவள் துண்டை எந்திரத்தில் மாட்டி, லேசாக இழுத்து இழுத்து விட்டு, வெட்டின் நுனியில் மயிரிழை விரிசல் ஒன்றை வளர்ப்பாள். அதற்கப்புறம்தான் உடையும்வரை இழுப்பது.

பாரந்தூக்கியின் கொக்கிக்கென்று வந்த எஃகு படக்கென்று உடைந்தது. துண்டின் உடைந்த பக்கம் சர்க்கரை மாதிரி மினுங்கியது. ஆகாது என்று எழுதிக் கொடுத்தாள். எஃகு ஆலை மேலாளர் சண்டைக்கு வந்துவிட்டார். உடைந்த துண்டுகளை வைக்கும் அலமாரியைத் திறந்து பார்த்தால், அதே எண்ணோடு, வளைந்து நார்நாராகக் கிழிந்த நல்ல எஃகு! நாளைக்குள் விளக்கம் சொல்லாவிட்டால் வேலை இல்லை என்று கூடத்தின் தலைவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை தலைவர், மேலாளர், கடைசல்காரர் என்று எல்லோரும் எந்திர அறையில் கூடினார்கள்.

"அலமாரிச் சாவி எங்க இருக்கும்?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"ஆணியில தொங்கும். யார் வேணும்னாலும் எடுக்கலாம்" என்று தலைவர் அசடு வழிந்தார்.

"அத்தான், மேலாளர்தான்! முழியே சரியில்ல" என்று மைத்துனன் காதைக் கடித்தான்.

துப்பறிவாளர், முன்பு எந்திரத்தில் உடைத்த வேறொரு பழைய துண்டை வாங்கி, அலமாரித் துண்டின் பக்கத்தில் வைத்தார். "நல்லா பாத்துச் சொல்லு."

மைத்துனன் குனிந்தான். பழையதில் வெட்டுக்கு அடுத்தாற்போல் வழுவழுப்பாக ஒரு பட்டை, அப்புறம்தான் சொரசொரப்பு. "இதுல அந்தப் பட்டையே இல்ல அத்தான்!"

"அதான். அந்தப் பட்டை மயிரிழை விரிசல் வளர்ந்த தடம். இந்தத் துண்டு எந்திரத்துக்கே போகல. அப்ப மாத்தினது யாரு? தலைவருக்குப் பட்டையைப் பத்தித் தெரியும், அதை விட்டிருக்க மாட்டார். மேலாளருக்கு வெட்டு இவ்வளவு கச்சிதமா வராது. எண் குத்தின அச்சும் இங்க உள்ளதுதான். வெட்டு தெரிஞ்சவர், அதுக்கப்புறம் நடக்கறது தெரியாதவர்."

கடைசல்காரர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மேலாளர் என் மாப்பிள்ளைங்க. ஆர்டர் போனா அவர் வேலையும் போயிடும்னு என் மக அழுதா. வேற எஃகுல வெட்டு போட்டு, வைஸ்ல புடிச்சு அடிச்சு உடைச்சு, அலமாரியில மாத்தி வெச்சேன்."

மேலாளர் தரையைப் பார்த்தார். தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "உன் அறிக்கைதான் சரிம்மா. அந்த எஃகு திரும்பிப் போகுது. என்னை மன்னிச்சிடு" என்றார்.

அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. கடைசல்காரர் முன்னால் போய் நின்றாள்.

"மகளுக்காகப் பண்ணீங்க, சரி. எல்லாரும் என்னைப் பொய்க்காரின்னு சொன்னப்போ, பக்கத்துல நின்னு 'அழாதம்மா'ன்னு சொன்னீங்களேண்ணே, அது யாருக்காக?"

மைத்துனனுக்குக்கூட அன்று முந்திக்கொள்ளத் தோன்றவில்லை.