மூடச் சொன்ன பைப்

மல்வேர்ன். ஜனவரிக் குளிர். விடிவதற்குச் சற்று முன்.

றீமா சமையலறைக் கதவைத் திறந்தபோது, பேஸ்மென்றுக்கு இறங்கும் மேற்படியில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து மேல்வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய்கள் உறைந்து போயிருந்தன. தொழுகைக்கு முன் கைகால் கழுவ என்ன செய்வது என்ற கவலையோடுதான் அவள் படுத்திருந்தாள். கீழே வாடகைக்கு இருக்கும் வின்சன்ற் அதை அறிந்து, தண்ணீரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

ஒரு வாளியால் கழுவித் தொழுதாள். வெறும் வாளியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே இறங்கி அவருடைய கதவைத் திறந்தாள். சற்று நேரத்தில் மேல்வீட்டு நச்சுப்புகை அலாரம் அலறத் தொடங்கியது.

வின்சன்ற் கட்டிலில் கிடந்தார். மொட்டைத் தலை வரைக்கும் போர்வை. கையில் செபமாலை. கூப்பிடக் கூப்பிட அவர் எழும்பவில்லை.

காலை எட்டு மணிக்குத் தமிழ் பேசும் துப்பறியும் அதிகாரி ஜூலி வந்தாள். தீயணைப்புப் படையினர் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள்: கார்பன் மொனொக்சைட், மணமில்லாத நச்சுப்புகை. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் பெரிய குழாயின் வாய்க்குள் யாரோ துவாய்களைத் திணித்திருந்தார்கள். காற்றில்லாமல் தண்ணீர் சூடாக்கும் காஸ் ஹீற்றர் திணறி, புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியிருந்தது. பேஸ்மென்ற் அலாரம் மட்டும் சத்தம் போடவில்லை.

விட்பியிலிருந்து ஓடிவந்திருந்த வின்சன்றின் மகள் ஸ்டெபனி, வாசலில் நின்ற வீட்டுச் சொந்தக்காரர், றீமாவின் கணவர் மஃரூப்பை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இவர்தான்! ஹீற் காணாது எண்டு அப்பா போன கிழமைதான் கொம்பிளெயின் பண்ணினவர். வேலை செய்யாத அலாரத்தை வைச்சு அப்பாவைக் கொன்றுபோட்டார். ஜெயிலிலை போடுங்கோ!"

வேர்ஹவுஸ் ஜாக்கெற்றைக்கூடக் கழற்றாத மஃரூப் தலை குனிந்து நின்றார்.

"நேற்று நீங்கள் எங்கை, அண்ணை?" என்று ஜூலி கேட்டாள்.

"பிறம்ரன்ல, வேலையில. பைப் உறைஞ்சிட்டெண்டு வின்சன்ற் அண்ணன் கோல் எடுத்தார். என்ன செய்யணும் எண்டு போன்ல சொன்னன்."

"சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

"டெப்பத் திறந்து வைங்க. ஹெயார் ட்ரையரால டெப் பக்கமிருந்து மெல்ல மெல்லச் சூடு காட்டுங்க. தண்ணி வந்த பொறகு குளிர் பைப்பத் துணியால நல்லா மூடி விடுங்க, திரும்ப உறையாது எண்டன். அவ்வளவுதான்."

ஜூலி கீழே இறங்கினாள். ஹீற்றர் அறைத் தொட்டியில் டெப் திறந்திருந்தது. நூல்போலத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அறையில் இருந்த ஒரே பிளக்கில் இளஞ்சிவப்பு ஹெயார் ட்ரையர் ஒன்று கொழுவியிருந்தது. சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னால் அலாரம் குப்புறக் கிடந்தது. பற்றரி இல்லாத பழைய வகை. பிளக்கில் இருந்தால்தான் அதற்கு உயிர்.

தண்ணீர்க் குழாயைத் தடவிப் பார்த்தாள். செம்பு வெறுமையாக, சில்லென்று இருந்தது. துணி ஒன்றும் இல்லை. காற்றுக் குழாயிலிருந்து உருவிப் போட்டிருந்த துவாய்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேலே வந்து ஸ்டெபனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்குத் தலையிலை மயிர் இல்லை. ஹெயார் ட்ரையர் ஆற்றை?"

"என்டை. காரிலை கிடந்தது. நேற்றுப் பின்னேரம் சூப் கொண்டு வந்தனான். அப்பாவுக்கு இடுப்பு நோ, குனியேலாது. போனை ஸ்பீக்கரிலை போட்டிட்டுப் படுத்திட்டார். நான்தான் பைப்பை இளக்கினன்."

"எதிலை கொழுவினீங்கள்?"

"ஒரு வைற் பொக்ஸ் இருந்தது. அதைக் கழட்டிப்போட்டு…"



"திரும்பக் கொழுவினீங்களோ?"

ஸ்டெபனி கீழே இறங்கும் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஜூலி அவள் கையைப் பிடித்தாள்.

"குளிர் பைப்பை மூடச் சொன்னவர். நீங்கள் எதை மூடினீங்கள்?"

"அந்தப் பெரிசை. ஐஸ்காத்து ஊதிக்கொண்டிருந்தது. அப்பா அதுக்குப் பக்கத்து அறையிலை படுக்கிறவர். மூடு எண்டா ஷட் தானே? சின்னனிலை நான் கத்தினா, வாயை மூடு எண்டு அப்பா சொல்லுவார். எனக்குத் தெரிஞ்ச மூடு அதுதான்."

"அண்ணை சொன்னது தண்ணிப் பைப்பை. பிள்ளையைப் போர்வையாலை மூடுற மாதிரி மூடச் சொன்னவர். டெப் திறந்திருக்கு, பைப்பும் இளகியிருக்கு. ஆனா தண்ணிப் பைப்பிலை துணி இல்லை. அப்ப, அந்தத் துணி எங்கை போனது எண்டு யோசிச்சன்."

ஜூலி குரலைத் தாழ்த்தினாள். "காத்தை அடைச்சதும் அலாரத்தைக் கழட்டினதும் நீங்கள்தான், ஸ்டெபனி. அப்பாவுக்குக் குளிரக்கூடாது எண்டு செய்தனீங்கள். அதையும் சேர்த்துத்தான் நான் எழுதுவன்."

"அப்ப, அப்பாவை நான்தான்…"

சற்றுமுன் அவள் வாயால் கொலைகாரன் ஆன மஃரூப் வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மகள், சொன்னவன் நான். விளங்கிச்சா எண்டு ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல்ல. வேலை அவசரம், போன வச்சிட்டன். பாதி என்ட. தனியத் தூக்காத."

ஜூலி குறிப்பு எழுதுவதை நிறுத்தினாள். தப்பிப் போகும்படி கதவு திறந்துவிட்ட பிறகும் பங்கு கேட்டு வந்து உட்காரும் மனிதரை அவள் அதுவரை கண்டதில்லை. கடவுள் இந்த வீட்டை முழுவதுமாகக் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

றீமா மீதி வாளியைத் தூக்கி வந்து ஸ்டெபனியின் முன் வைத்தாள்.

"மேல இன்னும் தண்ணி வரல்ல, மகள். இது உங்கட வாப்பா எங்களுக்கெண்டு படியில வச்சது. முகத்தக் கழுவுங்க."

ஸ்டெபனி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேற்படியிலையோ? அவ்வளவு படியும் ஏறித் தூக்கி வந்தவரோ? இடுப்பு நோ எண்டவரே…"

"ரெண்டு வாளி," என்றாள் றீமா.

ஸ்டெபனி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் வைத்தாள். அது விரலிடுக்கில் முழுவதும் வடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.