பத்து மணிக்குத் திறக்காதே!

செல்போன் அலறியது.

குடோன் மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். ஒன்பது நாற்பத்திரண்டு.

"மேடம்... உங்க வீட்டுக்காரர் டெய்லர்தானே?"

"ஆமா. யார் பேசறது?"

"காலையில நூல் வாங்கப் போனவர் இன்னும் கடைக்கு வந்து சேரலை. வரவும் மாட்டார். எங்ககிட்ட இருக்கார்!"

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

பின்னணியில் கணவனின் குரல்... "நீ பயப்படாதே! இவனுங்க சொல்றதை..."

'பளார்!'

குரல் நின்றது.

"அடிக்காதீங்க! எவ்வளவு வேணும்? நகையை வித்தாவது..."

"ஒரு பைசா வேணாம். ரெண்டு மணி நேரம் வேணும்!"

"புரியலை..."

"பத்து மணிக்குப் புது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டு ரிலீஸ். அறுநூறு பெட்டி. ஸ்டோர் ரூம் உன் கட்டை விரலை வெச்சாத்தான் திறக்கும். பன்னிரண்டு வரைக்கும் வைக்காதே! போலீஸ், முதலாளி... யார்கிட்டயாவது மூச்சு விட்டே, உன் புருஷன் மூச்சு விட மாட்டான்!"

லைன் செத்தது.

ஷோரூம் வாசலில் வரிசை தெருமுனை தாண்டிப் போயிருந்தது. கேம் ஆடுகிறவர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள். கம்பெனி போட்ட விலை முதல் நாள் மட்டும்தான். ஸ்டாக் தீர்ந்துவிட்டால் அதே கார்டு வெளியில் டபுள் விலை. அதற்காகவே விடியலிலிருந்து கால் கடுக்க நின்றார்கள்.

பத்து மணி.

"கைரேகை மிஷின் வேலை செய்யலை..." என்றாள். வரிசையில் முதல் ஆள் எகிறினான்.

"என்னது! எங்களைப் பார்த்தா கேனையா தெரியுதா?"

கூச்சல் கேட்டு எம்.டி. மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"மிஷின் சார்... மெக்கானிக் பன்னிரண்டுக்குத்தான் வருவானாம்..."

"பதறாதேம்மா. டேய், அதுவரைக்கும் பழைய மாடலைக் காட்டுங்கப்பா! யாரும் வெறுங்கையோட போகக் கூடாது!"

எட்டு மாதமாகத் தூசி படிந்து கிடந்த பழைய கார்டுகள் மளமளவென்று நகர்ந்தன.

அவள் தன் கட்டை விரலை முஷ்டிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவனின் நம்பரை ஏழு தடவை அழைத்துவிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். காலையில் ஒரு பட்டன் தைத்துத் தரவில்லை என்று அவனிடம் எரிந்து விழுந்திருந்தாள்.

வைத்தால் அவன் போவான். வைக்காவிட்டால் வேலை போகும்.

பன்னிரண்டு!

ஓடிப்போய் விரலை வைத்தாள். கதவு திறந்தது. சேல்ஸ்மேன் முதல் பெட்டியின் சீலை வெட்டினான்.

"மேடம்!!"

உள்ளே... செங்கல்!

அடுத்த பெட்டி. செங்கல். அதற்கடுத்தது... அதுவும்!

எம்.டி. போன் போட, கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு பெண் கான்ஸ்டபிளோடு வந்துவிட்டார்.

"நேத்து சரக்கை வாங்கி வெச்சது யாரு?"

"நான்தான் சார். எடை சரியா இருந்துச்சு. ரிலீஸ் நேரம் வரைக்கும் சீலைப் பிரிக்கக் கூடாதுன்னு கம்பெனி கண்டிஷன்..."

"கதவு யார் விரலுக்குத் திறக்கும்?"

"என் விரலுக்கு மட்டும்..."

"ரெண்டு மணி நேரம் திறக்காம இழுத்தடிச்சது?"

"...நான்தான்."

"மிஷின் நல்லாத்தானே இருக்கு?"

உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கட்டுக்கதை மாதிரிக் கேட்டது.

எம்.டி. சிரித்தார். "புருஷனைக் கடத்திட்டாங்களாம்! சரக்கோட ஓடிட்டான்னு சொல்லும்மா. சார், இன்ஷூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். காப்பி வேணும். கொஞ்சம் சீக்கிரம்..."

பெண் கான்ஸ்டபிள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் திமிறவில்லை. எதைச் சொல்லித் திமிறுவது?

"அவளை விடுங்க!"

வாசலில் அவன்! சட்டை கிழிந்து, வெறுங்காலோடு... கையில் மூன்று விசிறி வைத்த கனத்த கறுப்பு கிராபிக்ஸ் கார்டு!

"என்னங்க..." அவள் அவனிடம் ஓடினாள்.

"கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போனாங்க சார். கையையும் கட்டினாங்க. டெய்லர் விரலுக்கு முடிச்சு ஒரு பெரிய விஷயமா? அவுத்துட்டுப் பார்த்தா ரூம் பூரா அட்டைப் பெட்டி. ஒண்ணைக் கிழிச்சேன், இது கிடைச்சுது. நல்ல கனம். காவலுக்கு இருந்தவன் மண்டையில ஒரே போடு!"

இன்ஸ்பெக்டர் கார்டின் சீரியல் நம்பரைச் சரக்குப் பட்டியலில் தேடினார். இருந்தது!

எம்.டி. துள்ளினார். "பார்த்தீங்களா? சரக்கு இவன்கிட்டதான் இருந்திருக்கு! புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரையும் உள்ளே தள்ளுங்க!"

அவள் தரையில் சரிந்தாள். காப்பாற்ற வந்தவனையும் சேர்த்து இழுத்துவிட்டோமே...

"எந்த இடம்யா அது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரு பேரு தெரியாது சார். வெளியில ஓடி வந்தப்போ கேட்டுல பித்தளை போர்டு பார்த்தேன். இந்த எம்.டி. சார் பேரு... பேருக்குப் பின்னால மூணு டிகிரி!"

எம்.டி.யின் முகத்தில் ஈயாடவில்லை. கண்கள் பின்கதவுக்குப் போயின. அங்கே ஏற்கெனவே பெண் கான்ஸ்டபிள்.

இன்ஸ்பெக்டர் எம்.டி. பக்கம் திரும்பினார். "லாரியிலேயே செங்கலை ஏத்தி அனுப்பியிருக்கீங்க. பழைய ஸ்டாக் இன்னிக்கே காலி, புது ஸ்டாக் டபுள் விலைக்கு, அதுக்கு மேல இன்ஷூரன்ஸ். பழி இந்தம்மா தலையில. பிரமாதம் சார்!"

டெய்லர் மனைவியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்... மார்க்கெட்டுக்கு இன்னும் ஒரு பீஸ்கூடப் போகலை. பேசித் தீர்த்துக்கலாமே..." எம்.டி. குழைந்தார்.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"யார் சொன்னது போகலைன்னு? முதல் பீஸ் டெலிவரி ஆயிடுச்சே சார்... உங்க ஆள் மண்டையில!"