அரியருக்கு ஒரு பாடி

“ஐயோ... சார்ர்ர்!”

பரீட்சைக்காகக் கதவைத் திறந்த ஒரு மாணவி போட்ட அலறலில், குற்றவியல் மூன்றாம் ஆண்டு வகுப்பே பிராக்டிகல் அறைக்கு ஓடியது.

அந்த அறையை ஒரு வீடு மாதிரி ஜோடித்து வைத்திருந்தார்கள். கட்டில், மேஜை, உடைந்த பூச்சாடி, தரையில் சிவப்புப் பெயின்ட். நடுவில் எப்போதும் ஒரு ரப்பர் பொம்மை பிணமாகக் கிடக்கும். வேலை வெட்டி இல்லாமல் படுத்தே கிடப்பதால் மாணவர்கள் அதற்கு வைத்த பெயர், மாப்பிள்ளை.

இன்றைக்கு மாப்பிள்ளை மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அவன் இடத்தில் மல்லாந்து கிடந்தவர்... துறைத் தலைவர்!

பட்டப் பெயர் ‘செக்ஷன்’. குட்மார்னிங் சொன்னால்கூட எந்தச் செக்ஷன்படி என்று கேட்கிற ஆசாமி. அவர் தலைக்கு அடியில் பரவியிருந்தது பெயின்ட் இல்லை!

பக்கத்தில் ஓர் இரும்புக் குழாய். பரீட்சைக்காக அதில் கட்டியிருந்த அட்டையில் ‘ஆயுதம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“யாரும் உள்ளே போகக் கூடாது! தடயம் கெட்டுடும்!”

கத்தியவன் டாப்பர். சேர்ந்த நாளிலிருந்து முதல் ரேங்க். சட்டை மடிப்புக் கலையாத பிறவி. சரசரவென்று வாசலில் மஞ்சள் டேப்பைக் கட்டினான்.

“டேப்பு கிடக்கட்டும்டா! முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்!”

போனை எடுத்தவள் ‘அரியர்’. இதே பிராக்டிகலில் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டவள். இன்றைக்கும் ஊற்றிக்கொண்டால் படிப்புக்கு முழுக்கு என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

“நடிக்காதே! காலையில வராண்டாவுல சாரை என்ன சொன்னே?” டாப்பர் சீறினான்.

வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

எல்லோர் காதிலும் விழுந்த சண்டைதான்.

‘நான் இருக்கிற வரைக்கும் நீ பாஸாக மாட்டே!’ என்றார் செக்ஷன்.

‘அப்ப நீங்க இல்லாமப் போயிடுங்க!’ என்றாள் அரியர்.

சும்மா இருக்காத வாய்! இப்போது அதுவே அவளுக்கு வினையாக வந்து நின்றது.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் எதிர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கூடவே ஒரு பெண் கான்ஸ்டபிள்.

“குற்றத்தைப் பத்தி மூணு வருஷம் படிக்கிறீங்களாக்கும்! சொந்த வாத்தியாரைக் காப்பாத்தத் துப்பில்லை!” எரிந்து விழுந்தார் இன்ஸ்பெக்டர். “யாராவது உள்ளே போனீங்களா?”

“ஒருத்தரையும் விடலை சார். பாடியை யாரும் தொடலை.” டாப்பர் நெஞ்சை நிமிர்த்தினான். “கொன்னது இவதான். காலையில எல்லார் முன்னாடியும் மிரட்டினா.”

“ஏம்மா... அப்படியா?”

“கோபத்துல ஒரு வார்த்தை சொன்னேன் சார்! அதுக்காக...”

“மிச்சத்தை ஸ்டேஷன்ல வந்து சொல்லு. ஏத்துங்க ஜீப்புல!”

அரியர் தலையில் கை வைத்துக்கொண்டாள். பட்டமும் போச்சு... மானமும் போச்சு!

கான்ஸ்டபிள் கையைப் பிடித்து இழுத்தபோதுதான், டாப்பர் சொன்ன ஒரு வார்த்தை அவள் மண்டைக்குள் சுருக்கென்று குத்தியது.

பாடி!

செக்ஷன் முதல் நாள் நடத்திய முதல் பாடமே அதுதான். ‘டாக்டர் சொல்ற வரைக்கும் அவர் காயம்பட்டவர். பாடின்னு எவன் சொன்னாலும் வெளியே போ!’ அப்படி வெளியே போய் நிற்காத ஆளே வகுப்பில் கிடையாது... டாப்பரைத் தவிர!

“டேய்... பாடின்னு உனக்கு யாருடா சொன்னது?”

“எ... என்ன உளர்றே?”

“டாக்டர் வரலை. உள்ளே யாரும் போகலை. சார் போயிட்டார்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

“பார்த்தாலே தெரியுதே! பெரிய இவளாட்டம் கேள்வி கேட்க வந்துட்டா!”

அரியர் கையை உதறினாள். குனிந்து டேப்புக்குள் புகுந்தாள்.

“பிடிங்க சார்! தடயத்தை அழிக்கிறா!”

செக்ஷன் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தில் இரண்டு விரல்களை அழுத்தினாள். அவள் முகம் ஒரு மாதிரியாக மாறியது.

பிறகு, தொண்டை கிழியக் கத்தினாள்.

“உயிர் இருக்கு சார்! நல்லாத் துடிக்குது! ஏதோ... ஏதோ சொல்றார்!” அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள். “யாரு சார்? உங்களை அடிச்சது யாரு? பேரைச் சொல்லுங்க!”

“புளுகுறா!” டாப்பர் அலறினான். “மூச்சு நின்னதைப் பார்த்துட்டுத்தானே நான் கதவையே சாத்தினேன்!”



இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பினார்.

“எந்தக் கதவைத் தம்பி?”

டாப்பருக்கு வியர்த்துக் கொட்டியது. அடுத்த நொடியே வெடித்தான்.

“ஆமா... அடிச்சேன்! என் புராஜெக்ட் காப்பியடிச்சதாம். நாளைக்கே மேலிடத்துக்குச் சொல்லப் போறாராம். கால்ல விழுந்தேன் சார். ‘எந்தச் செக்ஷன்படி விழறே?’ன்னு கேட்டார் அந்தாளு!”

கையில் விலங்கு விழுந்தது.

“கெட்டிக்காரிம்மா நீ! சார் என்ன சொல்றார்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அரியரின் கண்கள் கலங்கின.

“ஒண்ணும் சொல்லலை சார். துடிப்பே இல்லை. அவன் வாயைப் பிடுங்கத்தான் சும்மா அடிச்சு விட்டேன். சார்... போயிட்டார்.” தினமும் திட்டித் தீர்த்த மனுஷன்தான். ஆனாலும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நகரும்மா!”

ஆம்புலன்ஸ் நர்ஸ் அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்தார்.

“யாரு போயிட்டார்னு சொன்னது? நாடி ஜோராப் பேசுதே! ஸ்ட்ரெச்சரைக் கொண்டாங்க!”

வகுப்பே ‘ஹோ’வென்று கூவியது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது செக்ஷன் ஒரு கண்ணைத் திறந்தார். அரியரைப் பார்த்தார். உதடு அசைந்தது. இந்தத் தடவை நிஜமாகவே!

நன்றி சொல்லப் போகிறார்... பாஸ் போடப் போகிறார்... அரியர் ஆவலாகக் குனிந்தாள்.

“நீ தொட்டது... தொண்டைக்குழி. நாடி அங்கேயா இருக்கு?” செக்ஷன் முனகினார். “டாக்டர் சொல்லாம... ‘போயிட்டார்’னு வேற சொல்றே... பிராக்டிகல் ஃபெயில்!”

அரியர் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாப்பரை ஜீப்புக்கு இழுத்துப் போனவரைப் பார்த்துக் கத்தினாள்.

“இன்ஸ்பெக்டர் சார்... அவனைக் கொஞ்சம் அவிழ்த்து விடுங்க. ஆரம்பிச்ச வேலையை முடிச்சிட்டுப் போகட்டும்!”