மடக்கு சீட்டுக்காரி

கெலேரா எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பத்து நாளும் எனக்கு வயிறு எரிந்தது. பதினோராவது நாள் மட்டும் சும்மா இருந்ததா? அன்றைக்கும் எரிந்தது!

கெலேரா என் அத்தை மகள். என்னைப் போலவே அவளுக்கும் பத்து வயது. அத்தை பிரசவத்துக்காக சுவா ஆஸ்பத்திரியில் இருந்ததால், அவளைச் சிங்கதோகா பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் ஃபிஜியில் தங்கை பிள்ளை எதைக் கேட்டாலும் தாய்மாமன் மறுக்கக் கூடாது. அது அந்தக் காலத்திலிருந்து வரும் வழக்கம். கெலேராவுக்கு இது மிக நன்றாகத் தெரியும்.

முதல் நாள் சாப்பாட்டில், "மாமா, அந்த மீன் தலை எனக்கு!" என்றாள். கிடைத்தது. மறுநாள் ஜன்னலோரப் பாய் வேண்டும் என்றாள். அதுவும் கிடைத்தது. மூன்றாம் நாள், அப்பா ஆட்களை ஏற்றி ஓட்டும் வேனில் முன் சீட்டைக் கேட்டாள்.

"அது என்னோட சீட்டு!" என்று கத்தினேன்.

"விட்டுக் குடும்மா உனைசி. என் தங்கச்சி பொண்ணு கேட்டுட்டா, நான் என்ன பண்ணுவேன்?" என்றார் அப்பா.

நான் வேனுக்குள் நடைவழியில் இருக்கும் மடக்கு சீட்டுக்குப் போனேன். முதுகு சாய முடியாது. யார் இறங்கினாலும் எழுந்து மடக்க வேண்டும்.

அந்த வாரம்தான் வேன் ஆட ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. அறுபதைத் தொட்டால் போதும், கிடுகிடுவென்று ஆடும்.

முன்பெல்லாம் வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் அப்பா, "உனைசி, எங்கம்மா சத்தம் வருது?" என்று என்னிடம்தான் கேட்பார். இப்போது யாரைக் கேட்டார் தெரியுமா?

"கெலேரா, எங்க ஆடுதுன்னு தெரியுதா?"

"பின்னாடி மாமா. கடைசியில."

பெரிய மெக்கானிக்! அப்பாவும் அதை நம்பி சக்கரங்களை எல்லாம் பேலன்ஸ் செய்தார். ஆட்டம் நிற்கவில்லை. புதன்கிழமை, பின் சக்கரத்துப் பக்கம் இருக்கும் கிராஸ் என்ற இணைப்பைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். அப்போதும் நிற்கவில்லை.

எப்படி நிற்கும்? ஆட்டம் அங்கே இல்லையே! சந்தைக்குப் போகும் அக்கா ஒருத்தர் கடைசி சீட்டில் வைத்திருந்த முட்டை அட்டை அசையவே இல்லை. என் மடக்கு சீட்டுக்குக் கீழேதான் தரை குறுகுறுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தால் பாதம் கூசும்.

அதை அப்பாவிடம் சொன்னேனா? சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு! கெலேரா சொன்னது தப்பாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வேறு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சலோட்டே டீச்சர் வீட்டுக்கு வந்தார். மறுநாள் லௌதோகாவில் எங்கள் பள்ளிக்கு நெட்பால் இறுதிப் போட்டி. அணியில் நானும் இருக்கிறேன்.

"டீச்சர், இந்த வண்டியில எட்டுப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்ல" என்றார் அப்பா.

"வேற வண்டி எதுவும் கிடைக்கல. சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். இல்லைன்னா நாங்க வரலைன்னு சொல்லிட வேண்டியதுதான்."

எனக்குத் திக்கென்றது. வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கெலேரா உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏய், எதுக்குடி அழற?"

"முன் சீட்டுல ஆட்டமே சரியா தெரியல, உனைசி. மாமா அவ்வளவு ஆசையா கேட்டாரா, தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இப்ப உங்க மேட்ச் போச்சு."

இதைக் கேட்டு நான் குதித்திருக்க வேண்டும். ஏனோ முடியவில்லை. அவள் தெரியாமல் சொன்னாள். நான் தெரிந்தும் சொல்லவில்லை.

"மூக்கைச் சிந்திட்டு எழுந்திரு. அப்பாகிட்ட போலாம்."

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "ஒரு வாரமா தெரியுமா? ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையே! எல்லாத்துக்கும் கெலேரா, கெலேராதான். எனக்குப் பொறாமையா இருந்துச்சுப்பா!"

கெலேரா வாயைப் பிளந்தாள். அப்பா பின்னந்தலையைச் சொறிந்தார்.

"சரி, ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க" என்றார்.

கெலேராவை மடக்கு சீட்டில் உட்கார வைத்தேன். வண்டி அறுபதைத் தொட்டது.

"ஐயய்யோ, கால் கூசுது! இங்கதான் மாமா!"

அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். என்ஜின் சத்தம் அடங்கியது. ஆட்டம் மட்டும் அடங்கவில்லை.

"அப்ப என்ஜின் இல்ல. கியர் பாக்ஸுக்கு அந்தாண்டைதான் ஏதோ" என்று முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வேனுக்கு அடியில் நுழைந்தார். பின் சக்கரங்களைச் சுழற்றும் நீளமான ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். டக் டக் என்றது. அந்த இடமெல்லாம் எண்ணெய்க் கசிவு.

"ஷாஃப்ட் ஆடாம இருக்க இதுக்குள்ள வளையல் மாதிரி ஒரு புஷ் இருக்கும். அதுதான் தேஞ்சு போச்சு. அடடா, உன் காலுக்கு நேர் கீழே!"

பக்கத்து வீட்டு வண்டியில் டவுனுக்குப் போய்ப் புது புஷ்ஷும் ஆயில் சீலும் வாங்கி வந்தார். கெலேரா டார்ச் அடித்தாள். நான் எண்ணெய் பிடிக்கத் தட்டை நீட்டினேன். பாதி தட்டில் விழுந்தது, பாதி என் தலையில் விழுந்தது.

"எண்ணெய் வெச்சாச்சு. பின்னி விடவா?" என்றாள் கெலேரா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கழற்றிய புஷ் ஒரு பக்கம் தகரம்போல மெலிந்திருந்தது. அப்பா புதியதை மெல்லத் தட்டி உள்ளே இறக்கினார். ஷாஃப்டை மாட்டி, புது எண்ணெய் ஊற்றி முடிக்க மணி ஐந்தானது. டீச்சரிடம் சொல்ல நானே ஓடினேன்.

மறுநாள் காலையில் எட்டுப் பெண்களும் கூச்சலோடு வேனில் ஏறினோம்.

"முன் சீட்டு எனக்கு!" என்று கெலேரா பாய்ந்து ஏறினாள்.

அடிப்பாவி! மறுபடியும் என் வயிறு லேசாக எரிந்தது. போய் மடக்கு சீட்டில் உட்கார்ந்தேன்.

பெரிய சாலையில் வண்டி அறுபதைத் தொட்டது. அப்பா கண்ணாடியில் பார்த்தார்.

"எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்றார். வேன் முழுக்க அமைதியானது. கெலேராகூடத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உனைசி, எப்படிம்மா இருக்கு?"

நான் ஷூவைக் கழற்றினேன். இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தேன். உடனே பதில் சொல்லிவிடுவேனா என்ன? எல்லாரும் நன்றாகக் காத்திருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லப்பா. நேரா லௌதோகாவுக்கு விடுங்க!"